பட்டத்திற்குப் பின்னும் படிப்பு



பணியின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழருள் மருத்துவர் உண்டு, செவிலியர் உண்டு, ஆசிரியர் உண்டு. ஊரைவிட்டு வந்த நமக்குக் கைம்முதல் நாம் கற்ற தொழிலறிவே. அம்முதலோ, புதுப்பிக்காவிடில் தேய்ந்துவிடும்.

இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் அமிலப் பெருக்குமே காரணம் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஒரு நுண்ணுயிரே காரணமாகலாம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1984-இல் 'லான்செட்' ஏட்டில் எழுதினர். பின்னர் அது மெய்யென நிலைபெற்றது. 2005-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தை இரண்டொரு வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர்க்குத் தீரும் அந்நோய்க்கு, ஏடுகளைப் பாராத மருத்துவரிடம் சென்றவர் ஆண்டுக்கணக்கில் மருந்துண்ண நேரும். நாம் படியாமற் போனால், அதன் விலையைக் கொடுப்பவர் நம்மை நம்பி வந்தவரே.

"ஏடுகளின் சந்தா நமக்குக் கட்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஏடுகளை அரசு உயர்கல்வி நிலையங்களிலும் மத்திய அரசின் ஆய்வு நிலையங்களிலும் உள்ளோர் கட்டணமின்றிப் படிப்பதற்காக வந்த திட்டம் இது. அங்கே பணிபுரிவோர் தம் நூலகரை அணுகி வழி கேட்டறிக.

தனியார் மருத்துவமனையிலும் பள்ளியிலும் உழைப்போருக்கு இக்கதவு திறக்கவில்லை. ஆயினும் வேறு கதவுகள் உண்டு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2000-இல் தொடங்கிய 'பப்மெட் சென்ட்ரல்' இணையக் களஞ்சியத்தில் பல இலட்சம் மருத்துவக் கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். 1913-இல் தோன்றிய நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சி ஏடும் அவ்வாறே. அறிவியல் ஆசிரியர்க்கு, சர் சி. வி. இராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி வெளியிடும் 'ரெசொனன்ஸ்' ஏடு நல்ல துணை.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நன்றன்று. காசு வாங்கிக்கொண்டு எதனையும் அச்சிடும் ஏடுகளும் உள. எத்தனை பேரிடம் ஆராய்ந்தனர், எவ்வாறு ஆராய்ந்தனர், பிறரும் அதே முடிவைக் கண்டனரா என்று வினவிய பின்னரே ஏற்போம். ஒரு கட்டுரையைக் கண்ட அளவில் பழகிய முறையைக் கைவிடலாகாது.

வாரம் ஒரு கட்டுரை போதும். நகர்தோறும் உள்ள தமிழ்ச் சங்கங்களில் ஒரே தொழிலினர் மாதம் ஒருமுறை கூடி, படித்ததைத் தாய்மொழியில் எடுத்துரைத்து ஆராயலாம். தமிழில் விளக்கிச் சொல்ல முடிந்ததே நமக்கு உண்மையாக விளங்கியது.