இரண்டு அரசுகள் கைகுலுக்கியபோது
(தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகளுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைய வகுப்பின் தலைப்பு 'பெரிய நாடும் பக்கத்து நாடும்' என்றதும், "சம்பளப் பிரச்சினை கிடக்கும்போது இது நமக்கு எதற்கு?" என்று ஒரு தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இரண்டு நாடுகளின் உறவுக்காக விலை கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை, நாம்தான். அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. கொழுந்து பறிப்பவர்களின் வாக்குக்கு இவ்வளவு பலமா என்று பலருக்கும் உறக்கம் போயிற்று. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. அன்று இந்தியப் பிரதமர் நேருவின் நிலைப்பாடு இதுதான்: இவர்கள் இலங்கையில் வாழ்பவர்கள், அங்கே உழைப்பவர்கள், இவர்களின் பிரச்சினையை இலங்கைதான் தீர்க்க வேண்டும். 1954இல் நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அப்படியானால் பத்து வருடத்தில் டெல்லி ஏன் மனம் மாறியது? இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

1962இல் சீனாவோடு நடந்த போரில் இந்தியா தோற்றது. இலங்கையோ 1952இலிருந்தே சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு. போர் நடந்தபோது அது எந்தப் பக்கமும் சாயவில்லை. அந்த டிசம்பரில் சமரசம் பேச ஆறு நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டியவரும் ஸ்ரீமாவோ அம்மையார்தான். வளர்ந்து வரும் பெரிய நாடான இந்தியாவுக்கு, தெற்கே உள்ள இந்தச் சின்னத் தீவு கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலை வந்தது. 1964 மே மாதம் நேரு காலமானார். சாஸ்திரி பிரதமரானார். ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, டெல்லியில் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அணுகுண்டுதான் ஒப்பந்தத்துக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது இதிலிருந்து தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். அதையும் 1974இல் இந்திரா அம்மையாரும் ஸ்ரீமாவோவும் 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது கூட நம் முன்னால்தான் தராசு வைப்பார்கள். இந்தத் தராசை நம் கண்ணில் காட்டவே இல்லை.

மக்கள் விண்ணப்பம் போட்டபோது என்ன நடந்தது? இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள், ஒதுக்கிய 3 இலட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். யாருக்கு எந்த மண் தன் மண் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பிறகு 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தது. மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்தோம். போக மனமில்லாதவர்களும் பசியில் பெயர் கொடுத்தார்கள்.

தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அக்கா இந்தியாவுக்கு, தங்கச்சி இங்கே. அப்பாவின் விண்ணப்பம் ஒரு பக்கம், மகனின் விண்ணப்பம் மறுபக்கம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை இல்லை? கடல் கடந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். சிலரை நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள், சிலரைக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இறப்பர் தோட்டங்களுக்கு. திரும்பவும் மலை, திரும்பவும் லயம். இங்கே 'இந்தியாக்காரன்' என்று பெயர் வாங்கியவர்கள் அங்கே போய் 'சிலோன்காரன்' என்று பெயர் வாங்கினார்கள். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் போனபின், யுத்தம் வந்து 1984இல் கப்பல் நின்றது. அதனால் சிலர் இந்தியக் கடவுச்சீட்டோடு லயத்திலேயே இருந்துவிட்டார்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது தெரியுமா? 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும். டெல்லியில் கையெழுத்துப் போட்ட அதே திகதி!

இந்தியாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. டிக்கோயாவில் ஆஸ்பத்திரி கட்டித் தந்தார்கள். 2022இல் எண்ணெய்க்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்றபோது கைகொடுத்ததும் அந்த நாடுதான். நாம் வந்து 200 வருடம் என்று 2023இல் 75 கோடி இந்திய ரூபா உதவியும் அறிவித்தார்கள். நன்றி சொல்ல நாம் தயங்க மாட்டோம். ஆனால் நன்றியும் கேள்வியும் ஒரே வாயில் வரலாம். வீடு ஏழு பேர்ச்சில் என்று முடிவு செய்தது யார்? காணி உறுதி யார் பெயரில்? அறுபது வருடத்துக்கு முன் நம்மைப் பங்கு போட்டபோது நம்மிடம் கேட்கவில்லை. இன்று நமக்கு உதவி வரும்போதாவது கேட்கிறார்களா?

நமக்காக இரண்டு அரசுகள் எதில் கையெழுத்திட்டாலும், அந்தக் காகிதம் முதலில் தமிழில் நம் கைக்கு வர வேண்டும். பேசும் மேசையில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகள், குறிப்பாகப் பெண்கள், உட்கார வேண்டும். இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள்கள் வெளியே மேசையில் இருக்கின்றன. ஒவ்வொரு தலைவரும் தன் தோட்டத்துக்கு ஒரு கட்டு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. ட்ரங்குப் பெட்டிக்குள் பழைய இந்தியக் கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், தாத்தா பாட்டியின் விண்ணப்பத் துண்டு ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பிறப்புப் பதிவிலோ அடையாள அட்டையிலோ சிக்கல் உள்ள குடும்பங்கள் அவற்றை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும். பிரதி எடுத்துவிட்டு மூலத்தை அன்றே கையில் திருப்பித் தருவோம்.