அம்மன் மாலையில் எலுமிச்சங்கனி

ஆடித் திங்களில் மாரியம்மைக்கும், வெள்ளிக்கிழமை இராகு காலத்தில் துர்க்கையம்மைக்கும் எலுமிச்சங்கனி மாலை சாற்றுதல் தமிழகத்துத் திருக்கோயில்களில் பெருவழக்கு. அம்மாலையிற் கோத்த கனி ஒவ்வொன்றும் ஓர் உழவரின் பொறுமையிற் பழுத்தது என்பதை நினைவார் சிலரே.

எலுமிச்சை, சிவபெருமானுக்குகந்த வில்வத்திற்கு உறவுடைய மரம். வில்வம், விளா, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகிய நான்கனையும் தாவர நூலார் ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணுவர். இலையைக் கசக்கினால் எழும் மணமே அவ்வுறவுக்குச் சான்று. எலுமிச்சையின் ஒரு விதையினின்று இரண்டு மூன்று முளைகள் எழுதலும் உண்டு. அவற்றுட் பல, தாய்மரத்தின் தன்மையை மாறாது பெறுவன. விதைக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

குளிர்நாடுகளில் இவ்வினத்து மரங்கள் குளிர்காலத்தில் ஓய்ந்திருந்து இளவேனிலிற் பூக்கும். நம் நாட்டுச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. ஈண்டு நீரின்மையே குளிரின் தொழிலைச் செய்கின்றது. உழவர் சில கிழமைகள் நீர் பாய்ச்சாது நிலத்தைக் காயவிடுவர். இலை சற்றே வாடியபின் எருவிட்டு நீர் பாய்ச்சுவர். மரம் பூத்துக் குலுங்கும். தை, மாசியிற் பூத்தது ஐந்தாறு திங்களில் முதிர்ந்து ஆடியில் அம்மைக்கு மாலையாகும். கோடையிற் பழம் வேண்டின் புரட்டாசி, ஐப்பசியிற் பூத்தல் வேண்டும். அது மழைக்காலமாதலின் நிலத்தை வாடவிடுதல் அரிது. கோடையில் எலுமிச்சை விலை ஏறுதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்பு மிகுதியாலும் இம்மரத்தைக் கொல்லுதல் கூடும். நந்தவனத்தில் நட்ட கன்றுக்கு அடியவர் பலர் நாள்தோறும் அடிமரத்திலேயே குடங்குடமாக நீர் ஊற்றுவர். நீர் தேங்கினால் வேர் அழுகும். அடித்தண்டில் பிசின் வடியும். இலை மஞ்சளித்து மரம் பட்டுப்போகும். ஆதலின் அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, அம்மேட்டிற்கு வெளியே வட்டப்பாத்தி கட்டி, அதில் மட்டுமே நீர் விடுதல் முறை. நடுங்கால் 15 முதல் 20 அடி வரை இடைவெளி விடுக. நீர் தேங்கும் பள்ளத்தையும் உவர் நிலத்தையும் தவிர்க்க.

அன்பர்களே! வாட்டம் வந்துழி, இறைவன் கைவிட்டான் எனக் கலங்குவோர் உளர். உழவர் நீரை நிறுத்துவது மரத்தை வெறுத்தன்று. பூக்கும் பருவம் நோக்கியே நிறுத்துகின்றார். கொடுப்பதும் அருள்; காலமறிந்து நிறுத்துவதும் அருள்.

சந்நிதியிற் பெறும் கனியை வழியில் மிதிபட விடாது இல்லத்திற்குக் கொண்டு சென்று சாறாக்கி, தாகத்தோடு வருவார்க்கு அளித்து உண்க. அதுவே அம்மைக்குச் சாற்றும் மற்றொரு மாலை.

அம்மையின் திருவருள் எல்லார்க்கும் பெருகுக!