கோப்பையின் அடியில் உள்ள பெயர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு டொக்டரை மேடையேற்றினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று பேசப்போவது பழைய பீங்கான் பூச்சாடிகளையும் கோப்பைகளையும் பற்றி. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் தோழிகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அம்மாச்சியின் அலுமாரியில் ஒரு பழைய சாடி இருக்கிறதே, ஏலத்தில் போட்டால் கோடிக்கணக்கில் போகுமா?"

இந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022 ஒக்டோபரில் பிரான்சில் ஓர் ஏலம் நடந்தது. ஒரு பாட்டியின் வீட்டிலிருந்து வந்த 54 சென்டிமீற்றர் உயரமான நீல வெள்ளைச் சீனப் பூச்சாடிக்கு ஏல நிறுவனத்தின் நிபுணர் இட்ட மதிப்பு 1,500 முதல் 2,000 யூரோ வரை. அது இருபதாம் நூற்றாண்டுப் பொருள் என்பது அவர் கருத்து. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பியவர்கள் போட்டி போட்டு ஏற்றி ஏற்றி, கடைசியில் 77 இலட்சம் யூரோவில் சுத்தியல் விழுந்தது. கட்டணங்களையும் சேர்த்தால் 91 இலட்சத்துக்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே பொருளை வைத்து எவ்வளவோ பழகிய கண்களுக்கே கருத்து ஒன்றாகவில்லை. ஏல விலை என்பது அன்றைக்கு அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்காவது இருந்த நம்பிக்கையின் அளவு. ஒருவர் மட்டும் நம்பினால் விலை ஏறாது.

அந்த நம்பிக்கையைத் தருவது எது? பொருளின் வரலாறு. எங்கே செய்யப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த வீட்டில் இருந்தது என்ற தொடர். வைத்தியசாலையில் நாங்கள் நோயாளியைத் தொடுமுன் அவருடைய கதையைக் கேட்கிறோம். கதை சரியாகக் கிடைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். பழம்பொருளுக்கும் அப்படித்தான்.

2014 ஏப்ரலில் ஹொங்கொங்கில் விற்கப்பட்ட 'கோழிக் கோப்பை'யைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கோப்பை. சேவலும் கோழியும் குஞ்சுகளும் வரைந்தது. சீனாவின் மிங் வம்சத்தில் 1465 முதல் 1487 வரை ஆண்ட செங்குவா பேரரசர் காலத்தது. 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் போனது. வாங்கியவர் லியூ யிசியென். ஒரு காலத்தில் டக்சி ஓட்டியவர், பிறகு பெரும் செல்வந்தர். கோப்பையைக் கையில் வாங்கியதும் அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார். அந்தப் படம் உலகமெல்லாம் வந்தது.

அந்தக் கோப்பையின் அடியில் நீலத்தில் ஆறு எழுத்துகள் உண்டு. மாபெரும் மிங் வம்சத்துச் செங்குவா ஆட்சியில் செய்யப்பட்டது என்று அவை சொல்கின்றன. அரசர் பெயர் இருக்கிறது. மண்ணைப் பிசைந்தவர் பெயரோ கோழியை வரைந்தவர் பெயரோ சூளையில் தீ பார்த்தவர் பெயரோ இல்லை.

இங்கே நம் மடுல்கெல்லப் பிள்ளைகளுக்கு இன்னோர் ஏலம் ஞாபகம் வரவேண்டும். கொழும்பில் 1883 ஜூலை 30 அன்று முதல் தேயிலை ஏலம் நடந்தது. இன்றுவரை அது நடந்து வருகிறது. இந்த மலைகளில் கிள்ளிய கொழுந்து தூளாகி, சுவை பார்ப்போர் வாயில் பட்டு, பட்டியலில் ஏறி விலை போகிறது. பட்டியலில் தோட்டத்தின் பெயர் உண்டு, தரத்தின் பெயர் உண்டு. கூடை சுமந்தவள் பெயர் இல்லை. கோப்பையின் கதையும் தேயிலையின் கதையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டும் ஒரே கப்பலில் போன கதையும் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'கெல்டர்மால்சன்' என்ற கப்பல், சீனாவின் கன்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. அதன் முக்கியச் சரக்கு தேயிலை. பீங்கான் பெட்டிகள் கீழே பாரத்துக்கு, தேயிலைப் பெட்டிகள் மேலே. அன்றைக்குப் பெறுமதி தேயிலைக்குத்தான். பீங்கான் அன்றாடப் பாவனைச் சாமான். 1985 இல் மைக்கல் ஹட்சர் என்பவர் அதைத் தேடிப் பிடித்தபோது தேயிலையின் விலை கடலோடு போயிருந்தது. ஒன்றரை இலட்சம் அளவிலான பீங்கான்கள் அப்படியே இருந்தன. 1986 இல் அம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். ஏறத்தாழ ஒரு கோடி பவுண் கிடைத்தது.

அந்த ஏலத்துக்குச் சீனாவிலிருந்து இரண்டு நிபுணர்கள் 30,000 டொலருடன் போனார்கள். ஒரு கோப்பைகூட வாங்க முடியாமல் திரும்பினார்கள். தங்கள் முன்னோர் செய்த பொருளைத் தாங்களே வாங்க வழியில்லை. மறுவருடம், 1987 இல், சீனா கடலடி அகழ்வாய்வுக்குத் தனிப் பிரிவைத் தொடங்கியது. இழந்த பிறகு வந்த விழிப்பு அது.

நம் நாட்டிலும் சீனப் பீங்கான் உண்டு. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்த உடைந்த துண்டுகள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சொங் வம்சத்துக் கப்பல் வணிகத்தைக் காட்டின. ஏலத்தில் அவற்றை ஒருவரும் சீண்டமாட்டார்கள். ஆனால் எங்கே, எந்த மண்ணில் கிடந்தன என்ற குறிப்பு இருந்ததால் ஒரு வரலாறே எழுந்து நின்றது.

இனி உங்கள் வீட்டு அலுமாரிக்கு வருவோம்.

முதலில் பொருளைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அரசர் முத்திரை இருந்தாலே அந்தக் காலத்துப் பொருள் என்று முடிவு கட்டவேண்டாம். பழைய அரசர்களின் முத்திரையைப் பின்வந்தவர்களும் மதிப்புக்காகவோ ஏமாற்றுக்காகவோ இட்டிருக்கிறார்கள். நீல வில்லோ மரமும் பாலமும் இரண்டு பறவைகளும் வரைந்த தட்டு பெரும்பாலும் சீனத்தது அல்ல. அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவான கோலம். அடியில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891 க்குப் பிந்தியது. அமெரிக்காவின் இறக்குமதிச் சட்டம் அப்போதுதான் நாட்டின் பெயரைக் கேட்டது. மாத்தளை நொரிடாகே தொழிற்சாலையின் முத்திரை கண்டால் ஏமாற்றம் வேண்டாம். நம் பக்கத்துக் கைகள் செய்த பொருள் அது.

அடுத்தது, உடைந்ததைப் பசையால் ஒட்டாதீர்கள், பழைய பூச்சைப் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். வாசலுக்கு வந்து பழைய சாமான் கேட்பவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் பெட்டி கட்டுமுன் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

மூன்றாவது, டொக்டராக ஒரு வார்த்தை. பழைய வர்ணப் பீங்கான்களின் மேற்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். புளி, தேசிக்காய், ஊறுகாய் போன்ற புளிப்புப் பட்டால் அது உணவில் கரையும். வெடிப்பு விழுந்த பூச்சில் ஆபத்து இன்னும் கூட. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிக்கும் கூடாது. ஆகவே அம்மாச்சியின் வர்ணச் சாடியில் பூ வையுங்கள், ஊறுகாய் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லயத்து வீட்டில் பீங்கான் பொருள் ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும். சம்பளப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதாக இருக்கலாம், பங்களாவில் வேலை செய்தவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம், கலியாணச் சீராக வந்ததாக இருக்கலாம். ஏலத்தில் அதற்கு நூறு ரூபாயும் வராமல் போகலாம். ஆனால் அதை வாங்கியவள் யார், எந்தத் தோட்டத்தில் எந்தப் பிரட்டில் நின்றவள், எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள் என்பதை அறிந்தவர்கள் இன்று நம் வீடுகளில் ஓரிருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடம் இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். ஒரு தாளில் பெயர், ஊர், வருடம் எழுதிச் சாடிக்குள் போடுங்கள். படமெடுத்து ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பாடசாலை நூலகத்தில் ஒரு கோப்பு அதற்காகத் திறக்கும்படி அதிபர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டப் பட்டியலும் ஏலப் பட்டியலும் எழுதாமல் விட்ட பெயர்களை எழுதுவதற்குத்தானே இந்தப் பள்ளி நமக்கு எழுத்தைத் தந்தது.