நீரால் நாட்டிய வெற்றித்தூண்



சென்ற தை மாதத்தில் ஒருநாள், கல்லூரி மாணவர் சிலருடன் கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் சென்றேன். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தபோது அங்கிருந்த கீழணையை நாங்கள் ஒரு பொருட்டாகக் கருதவில்லை.

கங்கைவரை படை செலுத்தி வென்ற முதலாம் இராசேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டையொட்டி அமைத்த தலைநகரம் இது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசு இங்கிருந்து ஆளப்பட்டது. பெருங்கோயில் இன்றும் ஓங்கி நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலோ, அகழ்ந்தெடுத்த செங்கற்சுவர்களின் அடிப்பகுதியே எஞ்சியுள்ளது.

"கோயிலின் மதிற்சுவர் என்னவாயிற்று?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். 1836-இல் கீழணை கட்டுவதற்கு அதன் கற்களைப் பெயர்த்துச் சென்றனர் என்றார் பேராசிரியர். காலையில் நாங்கள் கடந்த அணையன்றோ அது!

மாலையில் ஏரிக்கரை ஏறினோம். வென்ற மன்னர் கல்லில் தூண் நாட்டுவர். இராசேந்திரனோ சோழகங்கம் என்னும் இவ்வேரியை அமைத்தான். 'நீர்மயமான வெற்றித்தூண்' என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு இதனைக் குறிக்கிறது. கரையின் நீளம் ஏறத்தாழ 16 மைல். இன்று இதன் பெயர் பொன்னேரி. நீர் கொணர்ந்த பழைய கால்வாய்கள் தூர்ந்தமையால், ஏரி தன் பழம்பெருமையை இழந்தது.

மதிலைப் பெயர்த்தது தவறே. ஆயினும், பின்னர்ப் புதுப்பிக்கப்பட்ட கீழணை இன்றும் வீராணம் ஏரிக்கு நீர் அனுப்புகிறது. மதிலை இடித்தவரைப் பழிக்கும் நாம், ஏரியைத் தூரவிட்டவரை எண்ணிப் பார்ப்பதில்லை. திரும்பும் வழியில் அணையருகே இறங்கி, ஓடும் நீரை நெடுநேரம் நோக்கி நின்றோம்.