பெட்பேனை யார் எடுப்பது?

(செவிலியர் நாளையொட்டிச் செவிலியர் கல்லூரி மாணவர்கள் ஒருங்கிணைத்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘செவிலியர் பராமரிப்பில் அடிப்படை மனிதத் தேவைகளும் குடும்ப நலமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இது அப்படியே உங்கள் பாடத்தில் வருகிற தலைப்பு, தேர்வில் கட்டாயம் கேட்பார்கள் என்று முன்வரிசையில் இருக்கும் தோழர் சொன்னார். நான் செவிலியர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை யார் யார் செய்கிறார்கள் என்பதை ஆராயும் ஆய்வு மாணவி. தேர்வுக்கான பதில் உங்களுக்கே தெரியும். அந்தப் பதிலில் எழுதாமல் விடப்படுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்கள் பதில் வர்ஜீனியா ஹெண்டர்சனில் தொடங்கும். அந்த அமெரிக்கச் செவிலியர் மனிதருக்கு 14 தேவைகள் என்று வரிசைப்படுத்தினார். மூச்சு விடுவது, உண்பதும் குடிப்பதும், கழிவை வெளியேற்றுவது, அசைவது, உறங்குவது, உடுத்துவது, உடல் வெப்பம், உடல் தூய்மை, ஆபத்திலிருந்து தப்புவது. அப்புறம் பேசுவது, வழிபடுவது, வேலை செய்வது, விளையாடுவது, கற்பது. உடம்பில் வலுவும் மனதில் உறுதியும் போதிய அறிவும் இருந்தால் ஒருவர் தானே செய்துகொள்ளக்கூடியவை இவை. அந்த மூன்றில் ஏதாவது இல்லாதபோது உடனிருந்து செய்து கொடுப்பவர் செவிலியர். அவர் தந்த விளக்கத்தின் சாரம் இவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். மூன்றாம் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூச்சு, சோறு, அடுத்தது மலமும் சிறுநீரும். கற்பதற்கும் கடவுளைக் கும்பிடுவதற்கும் முன்னால், எந்தக் கூச்சமும் இல்லாமல் வருகிறது. படித்துப் பட்டம் வாங்கிய செவிலியரின் வேலையாகவே அதை எழுதியிருக்கிறார். நம் ஊரில் ஒருவர் உட்கார்ந்து இப்படி ஒரு பட்டியல் போட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். இங்கே அந்த மூன்றாவது தேவைக்கென்று சாதிகளையே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு அரசு மருத்துவமனைப் பொது வார்டை எடுத்துக்கொள்வோம். இடுப்பெலும்பு முறிந்து ஒரு பாட்டி படுத்திருக்கிறார். ஊசி, டிரிப்ஸ், பி.பி. பார்ப்பது, சார்ட் எழுதுவது எல்லாம் ஸ்டாஃப் நர்ஸ். பெட்பேன் வைப்பது, எடுப்பது, கழுவுவது ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய தூய்மைப் பணியாளர். அவர் வேறு வார்டில் இருந்தால் பாட்டியின் மகள், இல்லையென்றால் மருமகள். புத்தகத்தில் ஒரே ஆளின் வேலை, வார்டில் மூன்று பெண்களுக்குப் பிரிந்துவிடுகிறது. மூவரையும் எப்படிக் கூப்பிடுகிறோம் என்று கவனியுங்கள். வெள்ளை உடைக்கு ‘சிஸ்டர்’. மகளுக்கு ‘இந்த பேஷண்ட் கூட யாரு?’. தூய்மைப் பணியாளருக்கு ‘ஏம்மா, இங்க வா’. ஐம்பது வயதைத் தாண்டியவரை, பயிற்சிக்கு வந்த இருபது வயதுப் பெண்ணும் அப்படிக் கூப்பிடுவதைப் பல வார்டுகளில் கேட்டிருக்கிறேன். அந்த ‘ஏம்மா’க்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், பல ஊர்களில் அருந்ததியப் பெண்கள்.

நர்சுகளுக்கு நேரமில்லையே என்று கேட்பீர்கள். உண்மை. சாதாரண மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு ஷிஃப்டில் முப்பது நாற்பது பேரை ஒரே சிஸ்டர் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுத்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் வேலைக்கு வைத்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காப்பாற்றப்படாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு போராடியதை மறக்க முடியாது. சுரண்டப்படும் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. ஆனால் வேலை குறைவாக இருக்கும் ஷிஃப்டிலும் பெட்பேன் நர்சின் கைக்குத் திரும்பி வருவதில்லை. அதற்கு நேரக்குறைவு காரணமாக இருக்க முடியாது.

காரணத்தைக் கொஞ்சம் பின்னால் போய்த் தேடலாம். நம் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர் யார்? நாவிதர் சாதியைச் சேர்ந்த மருத்துவச்சி. பேறுகாலத் துணியையும் தீட்டுத் துணியையும் வெளுத்தவர் வண்ணார் வீட்டுப் பெண். சேரிக்கு என்றால் புதிரை வண்ணார் பெண். தொப்புள்கொடி அறுத்துப் பிள்ளையைக் கையில் ஏந்தியவரே கூலி நெல்லுக்குப் புறவாசலில் நின்றார். உயிரைக் காப்பாற்றும் அறிவும் தீட்டும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையை நாம் அறிவாளியின் கையாகப் பார்க்கவில்லை.

நவீன செவிலியம் வந்தபோதும் ரத்தம், சீழ், மலம், அந்நிய ஆணின் உடம்பு இவற்றைத் தொடுகிற வேலை என்று ஆதிக்க சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. மிஷன் மருத்துவமனைகளுக்கு முதலில் வந்தவர்களில் கிறித்தவப் பெண்களும், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பப் பெண்களும், கைம்பெண்களும் அதிகம். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியானது. பிறகு அரசுச் சம்பளம் வந்தது, வளைகுடா வேலை வந்தது, மரியாதையும் ஓரளவு வந்தது. அந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்தது. தொழிலின் மேல் ஒட்டியிருந்த தீட்டை யாரும் ஒழிக்கவில்லை. இன்னொரு பெண்ணின் கைக்கு மாற்றிவிட்டார்கள். ஆயா, வார்டு பாய், இப்போது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பதவியின் பெயர் மாறுகிறது, வேலைக்கு வருபவர்களின் தெரு மாறவில்லை.

என் களப்பணியில் ஒரு செவிலியர் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். அவர் தலித். இட ஒதுக்கீட்டில் அரசுப் பணிக்கு வந்தவர். ‘மத்த சிஸ்டர் யாராவது பெட்பேன் எடுத்தா, என்ன ஒரு சேவை மனசுன்னு சொல்லுவாங்க. நான் எடுத்தா, அவளுக்கு இது பழக்கம்தானேம்பாங்க. அதனாலயே நான் தொடறதில்ல அக்கா’ என்றார். காந்திய பாணியில் ‘நாமே எடுப்போம், எல்லாம் சரியாகிவிடும்’ என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே வேலை ஒருத்தியைத் தியாகியாக்குகிறது, இன்னொருத்தியை அவளுடைய சாதிக்குள் திரும்பத் தள்ளுகிறது. அதனால் இதைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு விடக்கூடாது. பணிப்பட்டியலில் எழுத வேண்டும்: எந்த நர்ஸ், எந்த ஷிஃப்ட், எந்தப் படுக்கை. எல்லாருக்கும் சுற்று முறையில். தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, நிரந்தரப் பணி, கையில் முழுச் சம்பளம்.

சாவித்திரிபாய் பூலேயை ஆசிரியராக மட்டும் நினைவுகூர்கிறோம். 1897இல் புனே பகுதியில் பிளேக் பரவியபோது மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமில் அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். முந்த்வாவில் மகர் குடியிருப்பிலிருந்து நோய் கண்ட ஒரு சிறுவனை முதுகில் தூக்கி வந்து, அந்த நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். செவிலியர் நாள் சுவரொட்டிகளில் விளக்கேந்திய நைட்டிங்கேலுக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு படம் வைக்கலாமே.

சரி, அந்தப் பாட்டியின் மகளிடம் வருவோம். தலைப்பின் இரண்டாம் பாதியான குடும்ப நலம் அங்கேதான் இருக்கிறது. ஹெண்டர்சனின் 14 தேவைகளில் பாதிக்கு மேல் அவர்தான் செய்கிறார். சோறு ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, யூரின் பை நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது, இரவெல்லாம் பேச்சுத் துணை. படுக்கை கட்டிலுக்கு அடியில், பாயில். கூடவே இருக்கும் உறவினருக்குக் கழிப்பறை எங்கே என்று பல மருத்துவமனைகளில் அவருக்கே தெரியாது. கூலி வேலைக்குப் போகிறவராக இருந்தால் அந்த நாள் கூலியும் போச்சு. இதற்கு நம் பாடத்தில் ‘குடும்பத்தின் பங்கேற்பு’ என்று பெயர். பங்கேற்பது எப்போதும் பெண்தான். நோயாளியின் ‘குடும்ப நலம்’ என்று எழுதும்போது அந்த மகளின் தூக்கமும் மாதவிலக்கும் ரத்தசோகையும் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கட்டிலில் படுத்திருப்பவர் ஒரு நோயாளி என்றால், கட்டிலுக்குக் கீழே படுத்திருப்பவரும் பெரும்பாலும் இன்னொரு நோயாளி.

இனி உங்கள் கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு வருகிறேன். ஃபேமிலி ஃபோல்டர் போடுகிறீர்கள். வீடு ஓடா கூரையா, குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, சாக்கடை எப்படி, எத்தனை பேர், என்ன வருமானம். சாதி என்ற வரியும் பல படிவங்களில் இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, நர்சிங் டயக்னோசிஸ் என்ற இடத்தில் என்ன எழுதுகிறோம்? ‘நாலெட்ஜ் டெஃபிசிட்’. தன்சுத்தம் பற்றிய அறிவுக் குறைபாடு. உடனே ஃப்ளாஷ் கார்டை எடுத்துக் கை கழுவும் முறைகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது நாம் நிரப்பிய அதே ஃபோல்டரின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. காலனிப் பெண்களுக்குக் கை கழுவத் தெரியாமலா இருக்கிறது?

ஹெண்டர்சனின் விளக்கத்தில் இருக்கும் இடைவெளி இங்கேதான் தெரிகிறது. வலு, மன உறுதி, அறிவு என்று மூன்று குறைகளை அவர் சொன்னார். மூன்றும் ஒருவருக்கு முழுமையாக இருந்து, இன்னொருவர் தடுப்பதால் தேவை நிறைவேறாமல் போவது அதில் இல்லை. நமக்கு அதுதான் முதல் குறை.

1927 மார்ச் 20, மகத். சவுதார் குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தாகம் இருந்தது, தண்ணீர் இருந்தது, சட்டமும் இருந்தது. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்த உரிமை காகிதத்தை விட்டு வெளியே வந்தது. பின்னர் ஆதிக்க சாதியினர் சாணமும் கோமியமும் கலந்த பானைகளைக் குளத்தில் கொட்டித் ‘தூய்மை’ செய்தார்கள். குடிநீரில் சாணத்தைக் கரைத்தவர்களுக்கு எந்தச் சுகாதாரப் பணியாளரும் போய் ‘அறிவுக் குறைபாடு’ என்று எழுதி ஃப்ளாஷ் கார்டு காட்டியதாகத் தெரியவில்லை.

மாஸ்லோவையும் படித்திருப்பீர்கள். 1943இல் எழுதிய கட்டுரையில் தேவைகளைப் படிநிலையாக அடுக்கினார். (நீங்கள் தேர்வில் வரையும் பிரமிடு அவர் வரைந்ததில்லை; பிறகு வந்தவர்கள் வரைந்தது.) கீழே சோறு, தண்ணீர், உறக்கம், மதிப்பும் மரியாதையும் மேலே. முதலில் வயிறு, பிறகு மானம் என்று நம் தோழர்களே சிலர் வாதாடுவார்கள். மகத் அந்த அடுக்கைக் கவிழ்த்துப் போடுகிறது. சாதிச் சமூகத்தில் மரியாதை கிடைத்தால்தான் தண்ணீரே கிடைக்கிறது.

பழைய கதை என்று நினைத்தால் வேங்கைவயலுக்கு வாருங்கள். 2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்பில் குழந்தைகளுக்கு உடல்நிலை கெட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மனித மலம். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இப்போது உங்களிடம் சொல்ல விரும்புவது அந்த மருத்துவமனைக் காட்சியை. மருந்தைக் கொடுத்து, ‘தண்ணியக் காய்ச்சிக் குடிங்கம்மா’ என்று அனுப்பிவிட்டிருக்கலாம். நம் பாடத்தின்படி அது முழுமையான ஹெல்த் எஜுகேஷன். அங்கே யாரோ தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் குடும்ப நலம்.

ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது ஆதிக்க சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று இருக்கிறது. இதற்கு எந்த நர்சிங் டயக்னோசிஸ் எழுதுவீர்கள்?

நீங்கள் மாணவர்கள், ஆசிரியரின் கையெழுத்து வாங்க வேண்டும், தெரியும். அதனால் சின்ன வேலையாகச் சொல்கிறேன். கேர் பிளானில் ‘ரிலேட்டட் டு’ என்று ஒரு இடம் வருகிறது அல்லவா, அதில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். ‘குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு: காலனிக்குத் தனித் தொட்டி, வாரம் இரண்டு முறை தண்ணீர், ஊர்த் தெருவில் தினமும்’ என்று எழுதுங்கள். அடித்துத் திருத்தினால் ஏன் என்று கேளுங்கள். ஒரு தெருவில் இருபது ஃபோல்டர் போட்டால், அந்த இருபதிலும் உள்ள தண்ணீர், கழிப்பறை விவரங்களை ஒரே தாளில் சேர்த்துக் கிராம சபையில் கொடுக்க அந்தத் தெருப் பெண்களிடமே கொடுங்கள். பெயர்களையும் நோய் விவரங்களையும் நீக்கிவிட்டு. இப்போது அந்த ஃபோல்டர்கள் மதிப்பெண் போட்டதும் கல்லூரி அலமாரிக்குள் போய்விடுகின்றன.

அடுத்த வாரம் உங்களில் பாதிப் பேருக்கு வார்டு, பாதிப் பேருக்குக் கிராமம் என்றார்கள். வார்டுக்குப் போகிறவர்கள் பணிப்பட்டியல் விஷயத்தை உங்கள் வார்டு இன்சார்ஜிடம் எப்படிக் கேட்பது என்று இப்போதே பேசி முடிவு செய்யலாம். எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள்.