கேமராவை எங்கே நிறுத்துகிறோம்?



'மெய்நிகர் தொழில்நுட்பமும் உயர்கல்வியும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். நான் கணினித் துறைக்காரன் இல்லை. ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வி.ஆர். கண்ணாடியையும் 360 டிகிரி கேமராவையும் மூன்று ஆண்டுகளாக வகுப்பிலும், விடுமுறையில் கிராமத்து இளைஞர்களோடு நடத்தும் முகாம்களிலும் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன்.

இந்தக் கருவியை நாம் புதிது என்று நினைக்கிறோம். ஆனால் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பினால் காட்சியும் கூடவே திரும்பும் கருவியை, அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் 1968இலேயே செய்து காட்டிவிட்டார். அதே 1968இல், டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கருவி வளர்ந்தால் சமூகமும் தானாக வளர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஓர் ஆண்டே போதுமான பதில்.

2015இல் கிறிஸ் மில்க் என்ற திரைப்பட இயக்குநர், வி.ஆர். என்பது பரிவை உண்டாக்கும் எந்திரம் என்று பேசினார். உலகம் முழுக்க அந்தச் சொல் பிரபலமானது. 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்ட்னி காக்பர்ன், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வகத்தோடு சேர்ந்து '1000 கட் ஜர்னி' என்ற வி.ஆர். படைப்பை உருவாக்கினார். கண்ணாடியை மாட்டுகிறவர் அதில் ஒரு கறுப்பின மனிதராக மாறுகிறார். சிறுவனாக வகுப்பில் தண்டிக்கப்படுகிறார், இளைஞனாகப் போலீசாரிடம் சிக்குகிறார், வளர்ந்தபின் வேலையிடத்தில் ஒதுக்கப்படுகிறார். நம் நாட்டிலும் ஊனா வன்கொடுமைக்குப் பிறகு 'காஸ்ட் இஸ் நாட் எ ரூமர்' என்ற 360 டிகிரி ஆவணப்படம் வந்தது. இவை முக்கியமான முயற்சிகள். இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது வேறு. "தீண்டாமைக் கொடுமையை அப்படியே வி.ஆரில் காட்டிவிடலாமே சார், பசங்க கண்ணால பார்த்தா திருந்திடுவாங்களே" என்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்தக் கொடுமையை வீட்டிலும் தெருவிலும் பார்த்து வளர்ந்த மாணவியும் அதே பெஞ்சில்தான் இருக்கிறாள். அவள் வாழ்க்கையைப் பக்கத்துப் பெஞ்சு மாணவன் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று கழற்றி வைப்பான். அவளால் எதைக் கழற்றி வைக்க முடியும்? பரிதாபம் போதாததால் சாதி நிற்கவில்லை. நிலத்திலும் சாலையிலும் வேலையிலும் திருமணத்திலும் அது நிற்கிறது. அங்கே கை வைக்காத கண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே காய்ந்துவிடும்.

வெண்மணி குடிசை எரிவதை வி.ஆரில் உருவாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு வழி இருக்கிறது. 2017இல் வெளிவந்த 'தி லாஸ்ட் குட்பை' என்ற வி.ஆர். படத்தில், நாஜிகளின் மைதானெக் முகாமிலிருந்து உயிர் தப்பிய பிஞ்சாஸ் குட்டர் நம்மை அந்த முகாமுக்குள் அழைத்துப் போகிறார். கொலைகள் நடித்துக் காட்டப்படுவதில்லை. இடம் இருக்கிறது, அவருடைய குரல் இருக்கிறது. வேடிக்கை பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, கேட்க நிறைய இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கருவி நமக்கு எதற்கு? முதலில், பூட்டிய கதவுகளைத் திறக்க. நல்ல ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் அறிவியல் பட்டம் வாங்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் கல்வித்துறை நடத்தும் 'விர்ச்சுவல் லேப்ஸ்' இணையத்தில் இலவசம். அதற்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை, சாதாரணக் கணினி போதும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதைக் கற்றுக்கொடுக்காமல் மேடையில் மெட்டாவெர்ஸ் பேசுவதில் அர்த்தமில்லை.

இங்கேயும் ஒரு சுவர் எழும்புகிறது. 2014இல் கூகுள் அட்டைப்பெட்டிக் கண்ணாடியை அறிமுகப்படுத்தியபோது, செல்போன் இருந்தால் போதும் என்றார்கள். எங்கள் முகாமில் அந்த அட்டைக்குள் போனை வைத்துப் பார்த்தோம். பல பேருக்குக் காட்சி திரும்பவே இல்லை. விலை குறைந்த பல போன்களில் கைரோஸ்கோப் என்ற உணரி இருப்பதில்லை. தலையைத் திருப்பினாலும் படம் அசையாது. யார் போனில் அசைந்தது, யார் போனில் அசையவில்லை என்று அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. அதனால் சொல்கிறேன்: மாணவர்களின் போனை நம்பித் திட்டம் போடாதீர்கள். கல்லூரியே நான்கு கண்ணாடி வாங்கட்டும், எல்லோரும் மாற்றி மாற்றி மாட்டட்டும். இரட்டைக் குவளை வைத்த நாட்டில், ஒரே கண்ணாடி முகத்துக்கு முகம் மாறுவதும் ஒரு பாடம்தான்.

இரண்டாவது, யார் படம் எடுக்கிறார்கள் என்பது. பாரம்பரியம் என்றாலே கோயில்களின் 360 டிகிரி சுற்றுலாதான் நமக்குக் கிடைக்கிறது. மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றிக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கதவு 1939 ஜூலை 8 அன்றுதான் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேமரா சன்னதியில் மட்டும் நின்றால் பாதி வரலாறுதான் பதிவாகும்.

360 டிகிரி கேமராவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, சுற்றி இருப்பது எல்லாம் விழும். ஆனால் டிரைபாடை எங்கே ஊன்றுவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் முகாம் ஒன்றில் அந்த முடிவைச் சேரியிலிருந்து வந்த பெண்களிடம் விட்டோம். பேருந்து திரும்பிப் போகும் முனையில் ஊன்றினார்கள். வலப்பக்கம் பார்த்தால் தார்ச்சாலை, தெருவிளக்கு. இடப்பக்கம் திரும்பினால் சேறு. பின்னணிக் குரல் எதுவும் வைக்கவில்லை. ஊர்த்தெருப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரா?" என்றான். தினமும் அந்த முனையில் பேருந்து ஏறுகிறவன் அவன். அடுத்த கிராமசபையில் சாலை கேட்டுக் கொடுத்த மனுவில் அவன் கையெழுத்தும் இருந்தது. சாலை இன்னும் வரவில்லை. மனு நிலுவையில் இருக்கிறது, பெண்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மனுதான் என் அளவுகோல். உங்கள் கல்லூரியில் வி.ஆர். ஆய்வகம் திறந்தால் போய்க் கேளுங்கள்: இதை யார் பயன்படுத்தலாம்? எந்தத் தெரு படமாகிறது? படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி வாங்கினீர்களா? எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? பதில் வரும்வரை கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், கேமராவை வாங்கிக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போங்கள்.