ஒரே நிலம், மூன்று வேலை
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்ணைக் காட்டிவிட்டார். அதனால் மேனாம்பேட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போகமாட்டேன்.

நிலத்துக்கு மூன்று வேலை என்பார்கள்: உற்பத்தி, குடியிருப்பு, இயற்கையைக் காப்பது. சீனாவில் 2012-ல் ஆளுங்கட்சி மாநாட்டிலேயே இதைக் கொள்கையாக அறிவித்தார்கள். நம்ம ஊர்ப் பெரியவர்கள் பெயர் வைக்காமலே செய்தார்கள். மேட்டில் நத்தம், கரைக்குக் கீழே ஆயக்கட்டு வயல், நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரி, அங்கிருந்து ரெட்டேரி.

பிறகு தொழில் வந்தது. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-ல் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் லேத் ஓட்டிய சம்பளத்தில் படித்தவர்கள்தானே!

கோளாறு வேறு இடத்தில். வயல் மனையாகிப் போனதும் ஏரிக்குச் சொந்தக்காரன் இல்லாமல் போய்விட்டான். விவசாயிக்கு ஏரி நிறையணும். அதனால் தூர் வாரினான், மதகைப் பார்த்துக்கொண்டான். மனை வாங்கியவனுக்கோ ஏரி நிறைந்தால் பயம். தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் சாக்கடை கொண்டுவர ஆரம்பித்தது. கொரட்டூர் ஏரிக் கழிவுநீர் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது உங்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் படகு தேடினோம், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். இரண்டும் நான்கு வருஷத்துக்குள்ளே!

2007-ல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற சட்டம் வந்தது. ஏரிக்குச் சரி. ஏரிக்குத் தண்ணீர் வருகிற வழிக்கு யார் காவல்? புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மாஸ்டர் பிளானில் தனிக் கட்டுப்பாடு உண்டு. சென்னைக்கே குடிதண்ணீர் தருகிற ஏரியாச்சே. மேனாம்பேடு ஏரி மாதிரிச் சின்ன ஏரிகளுக்கும் அந்த மரியாதை வேண்டும் என்பது என் கட்சி. கரையில் நடைபாதையும் பெஞ்சும் போடுவது நல்லதுதான், நானும் காலையில் நடக்கிறவன். ஆனால் சாக்கடையை அடைக்காமல் பெஞ்சு போட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்காரணும்.

நம்பிக்கைக்கும் ஒரு சேதி உண்டு. கோயம்பேட்டில் 2019 முதல் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் திறன். வீடு வேண்டாமென்று விட்டது ஆலைக்குப் பயன்படுகிறது, ஏரித் தண்ணீர் அந்த அளவுக்கு மிச்சம். நம்ம எஸ்டேட்டுக்கும் இப்படிக் கேட்கலாமே?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பழைய கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரத்துக்கால் போன வழியே நடங்கள். எங்கே குறுகுகிறது, எந்தச் சுவர் குறுக்கே நிற்கிறது, எந்தக் குழாய் உள்ளே திறக்கிறது, குறித்து வாருங்கள். மழைக்கு முன்னே முடிந்தால் நல்லது. கூட நடக்க எங்கள் செட்டில் நாலு பேர் தயாராக இருக்கிறோம்.